அரக்கு இருக்கட்டும், பளபளப்பு போகட்டும்

வாசகர் கேள்வி பதில்: பழைய பித்தளை

சென்ற மாதம் பரணில் கிடக்கும் பழைய பித்தளைச் சாமான்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் மலையிலிருந்தே வந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா ஈயம் பூசுகிறவர். துருத்தியும் கரி மூட்டையும் தூக்கிக்கொண்டு குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை பங்களா பங்களாவாக நடப்பார். அவர் பூச, நான் துருத்தி ஊத, அப்படித்தான் தொழில் கற்றேன். இப்போது குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன அறையில் பித்தளை, செம்பு பழுது பார்க்கிறேன். வாங்கி விற்பதில்லை. அதனால் நான் சொல்வதில் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கேள்வி: வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம் கிடைத்தது. குறுக்கே இரண்டு அடி இருக்கும். நடுவில் மயில், சுற்றிலும் பூங்கொடி. முழுக்கக் கறுப்பு ஏறிக் கிடக்கிறது, அங்கங்கே சிவப்பும் பச்சையும் தெரிகிறது. "புளி போட்டு ஊற வைத்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் அத்தை" என்கிறாள் மருமகள். தேய்க்கலாமா ஐயா? (கோத்தகிரி வாசகி)

பதில்: தேய்க்காதீர்கள் அம்மா. தொட்டி நீரில் போடவும் வேண்டாம். மருமகளிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது முராதாபாத் சாமான். உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஷாஜகானின் மகன் முராத் பெயரில் 17-ஆம் நூற்றாண்டில் உண்டானது. இன்றைக்கும் அதற்குப் பித்தளை நகரம் என்றே பட்டப்பெயர். நாம் நகாசு வேலை என்கிறோமே, அவர்கள் அதை நக்காஷி என்பார்கள். வடக்கே இருந்த பட்டாளத்துத் துரைகளும் கலெக்டர் குடும்பங்களும் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ இங்கே வந்தார்கள். ஊட்டிதான் அப்போது மதராஸ் மாகாணத்துக்குக் கோடைத் தலைநகரம். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகச் சாமான் ஏறியது. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் கிளம்பும்போது பித்தளை இங்கேயே நின்றுவிட்டது. ஏலத்தில் எடுத்தவர்கள், வேலைக்கு நின்றவர்கள், எஸ்டேட் கணக்குப்பிள்ளைகள் என்று யார் யார் வீட்டுக்கோ போனது. உங்கள் பரணுக்கு வந்த வழி உங்கள் மாமனார் தலைமுறைக்குத்தான் தெரியும். கேட்டு எழுதி வையுங்கள்.

இப்போது அந்தக் கறுப்புக்கு வருவோம். உங்கள் தாம்பாளத்தில் இரண்டு கறுப்பு இருக்கிறது. ஒன்று காலம் ஏற்றிய கறுப்பு. இன்னொன்று வேலை செய்தவர் கையால் வைத்த கறுப்பு, அதாவது பூச்சி கட்டும் பிசினான அரக்கு. புளிக்கும் தேங்காய் நாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

தட்டை முதலில் அடித்து உருவாக்குவார்கள். பிறகு சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு கோட்டைக் கொத்துவார்கள். பூவும் இலையும் மேடாக நிற்க, சுற்றியுள்ள தரை பள்ளமாகும். அப்புறம் தட்டைச் சூடு பண்ணி, அரக்குக் குச்சியை அந்தப் பள்ளத்தின் மேல் தேய்ப்பார்கள். குச்சி உருகிப் பள்ளத்தை நிரப்பும். ஆறியதும் மேலே வழிந்ததைச் சுரண்டி எடுத்து மெருகு போடுவார்கள். பள்ளத்தில் அரக்கும் மேட்டில் பித்தளையும் ஒரே மட்டமாக வந்து நிற்கும். விரலால் தடவினால் எங்கே பித்தளை முடிந்தது, எங்கே அரக்கு தொடங்கியது என்று நல்ல வேலையில் தெரியாது. கண்ணை மூடித் தடவிப் பாருங்கள்.

கறுப்பு அரக்கை மட்டும் நிரப்பிய வேலைக்குச் சியாகலம் என்று பெயர், 'கறுப்பு எழுதுகோல்' என்று அர்த்தம். அதில் பழைய உருப்படிகளில் இன்னொரு அடுக்கு உண்டு. முதலில் தட்டு முழுவதும் ஈயம் பூசிவிடுவார்கள். அந்த வெள்ளையைக் கீறித்தான் படம் வரைவார்கள். கீறிய இடத்தில் அடியிலிருந்து மஞ்சள் பித்தளை எட்டிப் பார்க்கும். வெள்ளைப் பூ, அதற்கு மஞ்சள் ஓரம், பின்னால் கறுப்புத் தரை. மூன்று நிறத்தையும் ஒரே உளியில் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த ஈயப் பூச்சு ஒரு தாளின் கனம்கூட இருக்காது. ஈயம் பூசுகிறவன் மகன் சொல்கிறேன், நார் வைத்து நாலு தடவை அழுத்தினால் போய்விடும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஒன்றைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். இருபது வயதில், அப்பா ஊரில் இல்லாத நாளில், ஒரு பெரியம்மா கூஜா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கழுத்திலிருந்து அடிவரைக்கும் கறுப்புத் தரையில் சிவப்புப் பூ. நான் அழுக்கு என்று நினைத்துச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் முக்கி வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீர் கருஞ்சிவப்பாக இருக்கிறது. அரக்கு காரத்தில் கரையும், சூட்டில் இளகும். நான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். மிச்சத்தைத் துணியால் துடைத்தபோது பூ முழுதும் கையோடு வந்துவிட்டது. கூஜா தங்கம் போல மின்னியது. பெரியம்மா வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. "எங்கம்மா வச்சிருந்தது தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அரக்குச் சாமானை நான் நீரில் போட்டதில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. குழந்தைகள் பல் தேய்க்கும் மிருதுவான பிரஷ் ஒன்று வாங்கி, காய்ந்த நிலையில் தூசியைத் தட்டுங்கள். பழைய வேட்டித் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுங்கள், உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் வைத்து, ஒரு நாள் விட்டு, மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி மெல்ல நிமிண்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பித்தளையோடு சேர்ந்து மறுபடியும் பச்சை கட்டும். பாத்திரம் துலக்கும் தூள், சோப்பு, ஸ்பிரிட், சாம்பல் எதுவும் கிட்டே வரக்கூடாது. புளியில் ஊறப்போட்டால் இன்னொரு கேடும் உண்டு: பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், புளிப்பில் கிடந்தால் துத்தநாகம் போய் மேலே செம்பு நிறத் திட்டு நிற்கும். ரோஜா நிறத்தில் மச்சம் மச்சமாகத் தெரியும். அதைப் போக்க மேலும் தேய்க்க வேண்டும், தேய்த்தால் செதுக்கு மழுங்கும்.

மின்னியே ஆகவேண்டும் என்று மருமகள் ஆசைப்பட்டால் தட்டின் பின்பக்கத்தைத் துலக்கச் சொல்லுங்கள். அங்கே வேலைப்பாடு இருக்காது. முன்பக்கம் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் 'நூறு வருட ஆன்டிக்' என்று போட்டு ஒரு பூச்சாடி விற்றார்கள், வாங்கிவிட்டேன். கறுப்பும் நீலமும் போட்ட நகாசு வேலை. உண்மையிலேயே பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா? (ஊட்டி வாசகர், கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பார். ஒட்டினால் அது இரும்பு, மேலே பித்தளை முலாம். அதோடு கேள்வி முடிந்தது.

ஒட்டவில்லை என்றால் பூதக்கண்ணாடி எடு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற, வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒன்று போதும். ஒரு நீளக் கோட்டைப் பின்தொடர்ந்து போ. கை உளியால் கொத்திய கோடு ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் ஒரு படி விழும். கிட்டத்தில் பார்த்தால் கோடு முழுக்க நெல்மணியை வரிசையாகப் படுக்க வைத்தது போல இருக்கும். வளைவு வரும் இடத்தில் படிகள் நெருங்கும், நேராகப் போகும் இடத்தில் விலகும். கடைசியில் உளியைத் தூக்கும் இடத்தில் கோடு வால் போல மெலியும். அச்சில் அழுத்தியதோ மெஷினில் போட்டதோ என்றால் எல்லாப் பூவும் ஒரே பூவாக இருக்கும். ஒரு பூவில் இருக்கும் கீறல்கூட அடுத்த பூவில் அதே இடத்தில் இருக்கும்.

நிறம் அரக்கா, பெயின்டா என்று பார்க்க, அடிப்பக்கம் மறைவான இடத்தில் ஊசிமுனை அளவு மட்டும், காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்று. நிறம் பஞ்சில் வந்தால் அரக்கு. ஒன்றும் வராமல் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் பெயின்ட் அல்லது இப்போதைய பிசின் கலவை. இது அரக்கா இல்லையா என்பதைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. அரக்கு வேலை நின்றுபோன வேலை இல்லை.

அப்புறம் அடியைத் திருப்பிப் பார். ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று முத்திரை இருக்கிறதா? 1890-இல் அமெரிக்காவில் போட்ட சுங்கச் சட்டத்தால், 1891-லிருந்து அங்கே இறங்கும் சாமானில் எந்த நாட்டில் செய்தது என்ற பெயர் இருக்கவேண்டும் என்று ஆனது. ஆகவே முத்திரை இருந்தால் அது ஏற்றுமதிக்காகச் செய்த உருப்படி, பெரும்பாலும் அந்த வருடத்துக்குப் பிறகு செய்தது என்று கொள்ளலாம். 'மேட் இன் இந்தியா' என்று முழுசாகப் போட்டிருந்தால் இன்னும் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முத்திரை இல்லை என்பதால் மட்டும் பழசு என்று சொல்லிவிட முடியாது. உள்ளூரில் விற்றதற்கு யார் முத்திரை போடப்போகிறார்கள்?

நான் வயதுக்குப் பார்க்கும் இடம் தேய்மானம். நூறு வருடம் கை பட்ட சாடியில் கழுத்தும் விளிம்பும் மழுங்கியிருக்கும், பள்ளத்துப் பக்கம் செதுக்கு கூராக இருக்கும். அடி வளையம் மேஜையில் உரசி உரசி வழவழப்பாகியிருக்கும். பழசு மாதிரி காட்டச் செய்ததில் அழுக்கு எல்லா இடத்திலும் சமமாக இருக்கும், கை படாத மூலையில்கூட. இன்னொன்று: மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருந்து, அது கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு நரம்பு நரம்பாக ஓடினால், அது மங்காமல் இருக்க அடித்த நிறமற்ற லாக்கர். அரக்கு வேறு, அது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரர்கள் குழப்புவார்கள்.

புதுசாக இருந்தாலும் மனசு விட்டுவிடாதே. முராதாபாத்தில் இன்றைக்கும் கையால் கொத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் நகாசுக் கலைஞர் தில்ஷாத் உசேனுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புதுசைப் புதுசு என்று சொல்லி விற்றால் அது மரியாதையான சாமான். உன்னிடம் பொய் சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேள். அவர்கள் போட்ட விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

கேள்வி: தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவர் கொண்டுவந்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டில் பூவேலை செதுக்கிப் பூச்சாடியாக்கியிருக்கிறார்கள். பத்திரமாகத்தான் வைத்திருந்தோம், இப்போது வாயிலிருந்து கீழே வரை ஒரு விரிசல். யாரும் கீழே போடவில்லை. எப்படி விரிசல் விட்டது? (வெலிங்டன் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷமாகிவிட்டது. விரிசலுக்காகச் சந்தோஷம் இல்லை. இந்த மாதிரி விரிசல் பேர்பெற்றதே இந்த நாட்டில், இதே மாதிரி பித்தளையில்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கூட்டின் அடியில் நடுவில் வட்டமாக ஒரு குமிழ் இருக்கும். அதில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் பெரும்பாலும் வெடித்து முடிந்த கூடு. பள்ளம் இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் தொடாதீர்கள், சூடு காட்டாதீர்கள், பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள், அவர்கள் ஆள் அனுப்புவார்கள். அடியில் எண்ணும் வருடமும் குத்தியிருக்கும், அதைக் குறித்து வையுங்கள். முதல் உலகப் போரில் இப்படிக் காலிக் கூட்டில் வேலைப்பாடு செய்வது பல நாட்டுப் பட்டாளத்திலும் இருந்த வழக்கம்.

இனி விரிசல். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தோட்டாக் கூடுகள் தானாக வெடிப்பு விடும். யாரும் சுடவில்லை, அடிக்கவில்லை, பெட்டிக்குள் இருந்தபடியே விரியும். பருவம் வந்தால் வருவதால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் குதிரை லாயம். மழைக்காலத்தில் தோட்டாக்களை லாயத்துப் பக்கம் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாக் காற்றும் ஈரமும் சேர்ந்து பித்தளையைத் தாக்கின. ஆனால் எல்லாப் பித்தளையும் விரிவதில்லை. அச்சில் இழுத்து நீட்டிய பித்தளை உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருக்கும், முறுக்கிய கயிறு போல. அந்த இறுக்கமும் அம்மோனியாவும் கூடினால்தான் விரிசல். 1921-இல் இதைச் சோதனை செய்து வெளியிட்டார்கள். மருந்து எளியது. இழுத்து முடித்த கூட்டை மிதமான சூட்டில் வைத்து ஆறவிட்டால் இறுக்கம் தளர்ந்துவிடும்.

உங்கள் பூச்சாடியும் இழுத்து நீட்டிய பித்தளைதான். அதனால் உங்களைக் கேட்கிறேன், எங்கே வைத்திருந்தீர்கள்? இங்கே நான் பார்த்த விரிந்த சாடிகளில் பாதிக்கு மேல் உர மூட்டை அடுக்கிய கொட்டகையில் இருந்தவை. தேயிலைக்குப் போடுகிற யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் இந்த மலை ஈரத்தில் அம்மோனியாவை மெல்ல விடும். மாட்டுக்கொட்டில், கோழிக்கூண்டு, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாமும் அதே கணக்குதான். வீட்டுக்குள் நல்ல காற்று வரும் அறைக்கு மாற்றுங்கள். விரிசல் நீளாமல் நிற்கும். ஈயப் பற்று வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; சூட்டில் விரிசல் ஓடும், செதுக்கும் கறுக்கும். தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பூ வையுங்கள்.

கேள்வி: வெற்றிலைப்பெட்டி ஒன்றில் அரக்கு அங்கங்கே உதிர்ந்துவிட்டது. மறுபடி நிரப்ப முடியுமா? (குன்னூர் வாசகி)

பதில்: முடியும். நிரப்ப வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள் அம்மா. பத்தில் ஒரு பங்கு போயிருந்தால் அப்படியே விடுவேன். அந்த வெற்றிடமும் பெட்டியின் வயதுதான்.

அரக்கு என்பது ஒரு சின்னப் பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் சுரந்து கட்டுகிற கூடு. அதைச் சுரண்டி உருக்கி, நிறம் சேர்த்துக் குச்சியாகத் திரட்டுகிறார்கள். எழுபது, எண்பது டிகிரிக்குள் இளகிவிடும். அரக்கு மாளிகை கதை தெரிந்தவர்களுக்கு அரக்குக்கும் நெருப்புக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரு மூலையில் நிரப்பச் சூடு காட்டினால் பக்கத்தில் நன்றாக இருக்கும் பழைய அரக்கும் இளகி ஓடும். நான் செய்வது இப்படி: பெட்டியை முழுதாகச் சூடு காட்டாமல், ஒரு செம்புக் கம்பியின் நுனியை மட்டும் சூடாக்கி, அதில் அரக்குத் துகளைத் தொட்டு, பள்ளத்தில் துளித்துளியாக விடுவேன். ஒரு இலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிறகு பிளேடு முனையால் மட்டம் பார்ப்பேன். புதுச் சிவப்பு பழைய சிவப்போடு சேராது. கொஞ்சம் கறுப்பு அரக்கு கலந்தால் கிட்டத்தட்ட வரும். உங்களுக்குப் பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம், தபால் முத்திரைக்கு வைக்கும் அரக்கை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கும், மட்டமாக நிற்காது.

உள்ளே ஈயம் பூசித் தரச் சொல்லி இதே மாதிரி பெட்டிகள் அப்பாவிடம் வரும். அவர் திருப்பி அனுப்பிவிடுவார். வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். உள்ளே அந்தச் சூடு காட்டினால் வெளியே அரக்கு ஒரு துளிகூட மிஞ்சாது.

கேள்வி: இந்த மாதிரிக் கூஜாவில் தண்ணீர் வைத்துக் குடிக்கலாமா? (அருவங்காடு வாசகர்)

பதில்: வேண்டாம். உள்ளே ஈயம் தேய்ந்த பித்தளையில் எதையும் வைக்கக்கூடாது, மோரும் எலுமிச்சைச் சாறும் கேட்கவே வேண்டாம். ஈயம் இருந்தாலும் அது சுத்த வெள்ளீயம்தானா என்று நமக்குத் தெரியாது. லாபத்துக்காகக் காரீயம் கலந்து பூசுகிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அப்பா புதுப் பட்டை வாங்கும்போது காதருகே வைத்து வளைப்பார். சுத்த வெள்ளீயம் வளையும்போது கிர்ர் என்று ஒரு சத்தம் போடும். காரீயத்துக்கு அந்தச் சத்தம் இல்லை. சத்தம் வராத பட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவார். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் கறுப்புத் தட்டில் வெள்ளி வேலை இருக்கிறது. இதுவும் அரக்கா? (கூடலூர் வாசகி)

பதில்: அது பிதர் வேலையாக இருக்கும். கர்நாடகத்தில் பிதர் ஊரில் செய்வது. பித்தளையே இல்லை, பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் செம்பு. செதுக்கிய கோட்டில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் அடித்துப் பதிப்பார்கள். அந்த ஊர் பழைய கோட்டை மண்ணை நவச்சாரத்தோடு கலந்து தேய்த்தால் துத்தநாகம் மட்டும் கறுக்கும், வெள்ளி வெள்ளியாகவே நிற்கும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், பிதர் உடையும். பத்திரம். நம் தஞ்சாவூர்த் தட்டோடும் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் வெள்ளி உருவங்கள் மேடாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பின் வயிற்றுக்குள்ளே அரக்குக் கலவைதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதையும் அடுப்படியில் வைக்காதீர்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகளுக்குப் பாட்டியின் தாம்பாளத்தைக் கொடுத்தனுப்பலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் கூடாது ஐயா. தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972 என்று ஒன்று உண்டு; 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறு வருடமான கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் சிறையும் உண்டு. அவ்வளவு பழசு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், இந்தியத் தொல்லியல் துறையில் காட்டி 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ஏர்போர்ட்டில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது எளிது. மகள் ஊருக்கு வரும்போது அந்தத் தாம்பாளத்தில் பூ, பழம் வைத்து வரவேற்கலாமே.

கேள்வி: நம் ஊர் மூட்டத்துக்கும் மழைக்கும் இதையெல்லாம் எப்படிப் பாதுகாப்பது? (கோத்தகிரி வாசகர்)

பதில்: ஜூன் மழைக்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துக் காற்றாட வையுங்கள். துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். கம்பளித் துணியில் சுற்றக்கூடாது, ரப்பர் பேண்டும் போடக்கூடாது. இரண்டிலும் கந்தகம் உண்டு, கறுப்பு ஏறும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே வியர்த்துக் களிம்பு பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் அரக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும், அப்போது தட்டில் விரலால்கூடச் சுண்டாதீர்கள். குளிர் என்று கணப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிரில் இறுகிய அரக்கு ஒரு பக்கம் மட்டும் சூடானால் பொருக்குப் பொருக்காக எழும்பும். எட்டு அடியாவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: காயலான் கடைக்காரர் எங்கள் இரண்டு பெரிய தாம்பாளத்தையும் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? (கட்டபெட்டு வாசகர்)

பதில்: "பழைய பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்தக் குரலைக் கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். என் கையால் கொடுத்த ஒரு நகாசுச் சொம்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எடைக்குப் போனால் அது உலைக்குப் போகிறது என்று அர்த்தம். உலையில் அரக்கு முதல் நிமிடத்திலேயே எரிந்துவிடும், செதுக்கு அடுத்த நிமிடம். மிஞ்சுவது வெறும் பித்தளை.

எடை விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் அடிமட்டம். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் எவ்வளவு என்பது வேலைப்பாடு, மிஞ்சியிருக்கும் அரக்கு, நசுங்கல் இருக்கிறதா இல்லையா, மடக்குக்கால் கூட இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆறு காலுள்ள மரத் தாங்கியோடு இருந்தால் அதைத் தனியாக விற்காதீர்கள். துரைமார் வீட்டில் டீ மேஜையாக இருந்தது அது, இரண்டும் சேர்ந்தால்தான் முழு உருப்படி. நூறு வருடத்துக்கு மேற்பட்டதை வாங்கி விற்கிறவர்களிடம் அரசாங்க லைசென்ஸ் இருக்கவேண்டும், கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

எனக்குக் காட்ட வேண்டும் என்றால் சனிக்கிழமை காலையில் வாருங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். பார்த்துச் சொல்வதற்குப் பணம் வாங்குவதில்லை. வரும்போது கழுவாமல் கொண்டு வாருங்கள்.